பத்மநாபபுரம் அழியும் மாத்தூர் தூணும் வெள்ளியில்: பொடி பாய்ந்து அடைபடுது, தூண் கழலுது

ஓட்டுக்கூரை, தக்கலை

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக் கட்டடங்களை வச்சு 925 வெள்ளியில ஒரு சின்ன வரிசை செய்யறேன். கோயில் நகை இல்ல, காட்டன் சேலைக்கும் குர்த்தாவுக்கும் போட்டுக்கிற கலை நகை. மூணு உருப்படி, மூணுலயும் சிக்கல்.

முதல்ல ஒரு புரோச், துணியில குத்திக்கிற நகை. பத்மநாபபுரம் அரண்மனையில மேல்மாடிச் சாளரத்துல சாய்வா அடுக்கின மர அழி இருக்கே, அதுதான். சட்டம் உள்ளளவு 30 × 32 மி.மீ., தகடு 1.2 மி.மீ. கனம். அழி 0.6 மி.மீ. கனத்துல 3 மி.மீ. அகலப் பட்டை. சட்டத்துல ஒட்டி நிறுத்தி ஊதினா (தீ காட்டினா) பொடி, அதான் ஒட்டுறதுக்கு உருக்குற பற்றுலோகம், பட்டை வழியாவே ஓடி இடைவெளியை அடைச்சுடுது. மறுபடி காட்டினா பட்டை ஓரம் உருகுது.

அடுத்தது வளையல், அளவு 2.4. மாத்தூர் தொட்டிப்பாலம். ரெண்டு வளையம், நடுவுல 28 தூண். மேல் வளையத்துல தூண் நிக்குது. கீழ் வளையத்தை வச்சு ஊதும்போது மேல பிடிச்சதெல்லாம் கழண்டு சாயுது.

கடைசியா தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துல அலையைத் தடுக்கப் போட்டிருக்கிற நாலு கால் கான்கிரீட் கட்டை, டெட்ராபாட். கம்மல் தொங்கட்டான். 18 மி.மீ. உயரத்துல வார்த்தா ஒண்ணு 17 கிராம் வருது. காது தாங்காது.

இன்னொண்ணு. இதெல்லாம் பேருந்து நிலையக் கடையில விக்கிற நினைவுப் பொருள் மாதிரி ஆகாம இருக்க என்ன செய்யணும்? விவரமா சொன்னா உபகாரம்.

வடசேரிக்குமுட்டி

தங்கச்சி, புரோச்சுல பொடி மேல குத்தம் இல்ல, சூடு போற வழியிலதான் குத்தம். பொடி எப்பவும் சூடு கூடுன பக்கம் ஓடும். உங்க பட்டை 0.6, சட்டம் 1.2. ஊதும்போது பட்டைதான் முதல்ல சிவக்கும், சட்டம் கறுப்பாவே கிடக்கும். பொடி சட்டத்தை விட்டுட்டு பட்டை மேல ஏறத்தான் செய்யும். தீயை அழி மேல காட்டாதீங்க. சட்டத்தோட வெளிப்பக்கத்துல சுத்திச் சுத்திக் காட்டி, சட்டம் மங்கின சிவப்புக்கு வந்த பிறகு பட்டைக்கு அது தானா கடத்தும்.

ஒட்டி நிறுத்துறதை விடுங்க. சட்டத்தை மடக்குறதுக்கு முன்ன, நீளப் பட்டையா இருக்கும்போதே உள்பக்கம் 45 பாகைக்குக் காடி (பட்டை நுழையற பள்ளம்) வெட்டுங்க. ஆழம் 0.5 மி.மீ. போதும். 2/0 பிளேடு கால் மில்லி கனத்துக்குத்தான் வெட்டும், அதனால ரெண்டு இழுப்பு இழுத்து, கத்தி அரத்தால பட்டை இறுக்கமா நுழையற அளவுக்கு ராவுங்க. கைய விட்டாலும் பட்டை விழக்கூடாது, அதுதான் அளவு. எதிரெதிர்ப் பக்கத்துக் காடி ரெண்டும் நேருக்கு நேர் வரணும். ரெண்டு பக்கத்துக்கும் மூலையில இருந்து ஒரே அளவுல குறி போட்டா பிசகாது. மடக்குற மூலையில முக்கோண அரத்தால 90 பாகை பள்ளம் போட்டு, அடியில கால் மில்லி மிச்சம் விட்டு மடக்குங்க. அந்த மூலையையும் பொடி வச்சு நிரப்பணும், மறந்துடாதீங்க. விட்டா ஒரு மாசத்துல வெடிக்கும்.

பொடியை அரை மில்லிக்கும் சின்னத் துண்டா நறுக்குங்க. ஒரு முனைக்கு ஒரு துண்டு, சட்டத்தோட முதுகுப் பக்கத்துல இருந்து. வெண்காரம் (பொடி ஓடுறதுக்குப் பூசுற உப்பு) எங்க போகுதோ அங்கதான் பொடியும் போகும். தூரிகையால அழி முழுக்கப் பூசிட்டு, பொடி ஓடுதேன்னா எப்படி? முனைக்கு மட்டும் தொட்டு வைங்க. நடுப்பகுதிக்குக் காவி மண்ணைத் தண்ணியில குழைச்சுத் தடவுங்க, காவி பட்ட இடத்துல பொடி ஏறாது. முனையில மட்டும் காவி படாம பாத்துக்கிடுங்க.

உருகுற கதைக்கு வருவோம். 925 வெள்ளி 800 பாகை செல்சியஸ் பக்கத்துலயே தளர ஆரம்பிச்சுடும். கடினப் பொடி ஓடுறதே 780, 790-ல. நடுவுல மிச்சம் இருக்கிறது பத்து இருபது பாகை. 1.2 தகட்டுல அது போதும், 0.6 பட்டையில போதாது. அழிக்கு நடுத்தரப் பொடிதான், அது 740 பக்கத்துல ஓடும். மூலைக்கு மட்டும் கடினம். கடையில வாங்கும்போது கேட்மியம் இல்லாத பொடின்னு கேட்டு வாங்குங்க, அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது.

வளையல்ல தூண் கழலறதும் இதே கணக்குதான். ரெண்டு வளையத்துக்கும் ஒரே பொடியைப் போட்டிருப்பீங்க. வளைய மூட்டு, மேல் வளையத் தூண் எல்லாம் கடினம், கீழ் வளையம் நடுத்தரம், கடைசியில ஏதாவது ஒட்டணும்னா எளிய பொடி. மாத்திப் போட்டா முதல்ல வச்சது முதல்ல கழலும். அதோட, தூண் முனையைத் தட்டையா வச்சு ஒட்டாதீங்க. 1.2 மி.மீ. சதுரக் கம்பியோட முனையை 0.8-க்கு உருட்டி ராவி, அரை மில்லிக்கு ஒரு முளை எடுங்க. வளையத்துல 0.8 துளை. முளை துளைக்குள்ள உக்காந்துட்டா பொடி இளகினாலும் தூண் நகராது. 28 தூணுக்கு 56 முளை, 56 துளை. சடைக்காம செய்யணும்.

துளைக்குக் குறியைக் கம்பி நேரா இருக்கும்போது போடுங்க, துளையை வளைச்ச பிறகு போடுங்க. முதல்லயே துளைச்சா வளைக்கும்போது துளை முட்டை ஆயிடும், சில சமயம் அங்கயே ஒடியும்.

சாய்வுகோணம்

குமுட்டி அண்ணாச்சி பட்டறைக் கணக்கைச் சொல்லிட்டார். நான் வடிவத்தைப் பத்திச் சொல்றேன், கேட்ட கடைசிக் கேள்விக்கும் சேர்த்து.

கட்டடத்தை நகையா செய்யறது புதுசு இல்ல. ஐரோப்பாவுல 14-ஆம் நூற்றாண்டு யூதத் திருமண மோதிரத்துல மேல ஒரு குட்டி வீடே நிக்கும். பிரான்சுல கோல்மார்ல கிடைச்ச ஒண்ணு பாரிஸ் க்ளூனி அருங்காட்சியகத்துல இருக்கு, ஜெர்மனியில எர்ஃபர்ட்ல 1998-ல இன்னொண்ணு தோண்டி எடுத்தாங்க. இப்ப இங்கிலாந்துல விக்கி ஆம்பரி-ஸ்மித் கட்டடங்களையே மோதிரமாவும் புரோச்சாவும் செய்யறவர். அங்க வீட்டோட உருவம் தெரிஞ்சே இருக்கு, ஆனா யாரும் அதைப் பொம்மைன்னு சொல்லலை. அதனால உருவம் தெரிஞ்சா கலை இல்லன்னு நினைக்காதீங்க. கட்டடம் எப்படி வேலை செய்யுதோ அந்த விதியில ஒண்ணையாவது நகை உடம்பு மேல செய்யணும். படத்தை மட்டும் சுருக்கினா அது சாவிக்கொத்துதான்.

உங்க அழியை எடுங்க. அரண்மனையில அந்தப் பட்டை எதுக்கு? உள்ள நிக்கிறவங்க கீழ நடக்கிறதைப் பாக்கணும், கீழ நிக்கிறவங்க உள்ள பாக்கக் கூடாது. பட்டையோட வெளி விளிம்பு தாழ்ந்திருக்கும். புரோச்சுல இதை அப்படியே வச்சா அர்த்தம் கெட்டுப்போகும். போட்டிருக்கிறவ மேல இருந்து நெஞ்சைப் பாத்துக் குனியறா, அவ பார்வை கீழயும் உள்ளயும் போகுது. அதனால தலைகீழாக்குங்க: வெளி விளிம்பு மேல, உள் விளிம்பு கீழ. அப்ப அவளுக்கு மட்டும் பின்தகடு தெரியும், எதிர்ல நிக்கிறவருக்கு அழி மட்டும்தான். பின்தகட்டுல தங்க ரேக்கு (மெல்லிசுத் தங்கத் தாள்) ஒட்டலாம், இல்ல வடசேரி கெம்புக்கல்லு ஒரு வரி அரக்குல பதிக்கலாம். ஆனா அரக்கு வேலை கடைசியில, பொடி வேலை எல்லாம் முடிஞ்ச பிறகு. கல் பதிச்ச பின்தகட்டைச் சட்டத்துல பொடி வச்சு ஒட்ட முடியாது, நாலு மூலையில சின்னக் கொக்கி மடக்கிப் பிடிக்க வைங்க.

இது வேலை செய்யணும்னா இடைவெளி கணக்கா இருக்கணும். 3 மி.மீ. பட்டை 45 பாகை சாஞ்சா முன்னால இருந்து பாக்க 2.1 மி.மீ. மறைக்கும். ஒரு பட்டையில இருந்து அடுத்த பட்டைக்கு 2 மி.மீ. வச்சா நேரா பாக்கிறவருக்கு முழு மறைப்பு. 2.6 வச்சா அரை மில்லிக் கீற்று தெரியும், ரகசியம் போச்சு. 32 மி.மீ. உயரத்துல 15 பட்டை வரும்.

எடையையும் பாருங்க. 0.6 கனத்துல 15 பட்டை மட்டும் 8.4 கிராம், சட்டம் 4.6, பின்தகடு 0.4 கனத்துல 4. மொத்தம் 17. பட்டுச் சேலை முந்தானை தாங்கும், மெல்லிசுக் காட்டன் தொங்கிப்போகும். பட்டையை 0.4-க்கு இறக்கினா மொத்தம் 14 பக்கம் வரும். 0.4 இன்னும் சீக்கிரம் உருகும், அண்ணாச்சி சொன்ன சட்டச் சூடு அப்ப ரெட்டிப்பு முக்கியம்.

மாத்தூருக்கு வருவோம். பாலம் 1966-ல கட்டினது, நீளம் சுமார் ஒரு கிலோமீட்டர், உயரம் 115 அடி, தூண் 28. 2.4 வளையல் உள்விட்டம் 57.15 மி.மீ., சுற்றளவு 180 மி.மீ. அதுல ஒரு கிலோமீட்டரைச் சுருட்டினா 115 அடி 6.3 மி.மீ. ஆகும். தூணுக்குத் தூண் இடைவெளியும் 6 மி.மீ. சொச்சம். அந்த விகிதம் கண்ணுக்கு நல்லா வந்திருக்கு, உங்க அதிர்ஷ்டம். தொட்டியோட அகலம் ஏழரை அடிதான், இந்த அளவுல 0.4 மி.மீ. அது நகைக்கு ஆகாது. அதனால கனத்துல விகிதத்தை மறந்துடுங்க, தாளத்தை மட்டும் விடாதீங்க.

28 தூணையும் ஒரே உயரத்துல வச்சா அது வெறும் ஏணி வளையல். பாலத்துல தூண் எல்லாம் ஒரே உயரம் இல்ல, பறளியாறு ஓடுற பள்ளத்துல நெட்டை, ரெண்டு கரைக்கும் போகப் போகக் குட்டை. மேல்தொட்டிதான் சமமட்டம். வளையல்லயும் மேல் வளையம் நேரா, கீழ் வளையம் சாய்வா வரட்டும், ஒரு பக்கம் 2 மி.மீ. தூண், எதிர்ப்பக்கம் 12. நான் உயரத்தைக் கூட்டித்தான் சொல்றேன், 6.3-ல கையில போட்டா சாய்வு தெரியவே தெரியாது.

இதுல ஒரு பொறி இருக்கு. சாய்வா வெட்டின உருளை வட்டம் இல்ல, நீள்வட்டம். மேல் வளையத்துக்கு 2 மி.மீ. சதுரக் கம்பின்னா வெட்டு நீளம் உள்விட்டமும் கம்பிக் கனமும் கூட்டி 3.1416-ஆல பெருக்கணும்: 185.8 மி.மீ. கீழ் வளையத்துக்கு 187.1 வேணும். ரெண்டையும் ஒரே நீளத்துல வெட்டிட்டு, நெட்டைத் தூண் பக்கம் வளையம் உள்ள இழுக்குதேன்னு தட்டித் தட்டிப் பாப்பாங்க. 1.3 மில்லி எங்க ஒளிஞ்சிருக்குன்னு தெரியாது. மொத்த எடை 18, 19 கிராம் வரும், வளையலுக்கு நல்ல எடை.

ஓட்டுக்கூரை, தக்கலை

ரொம்ப நன்றி அண்ணாச்சி, நன்றி சாய்வுகோணம். வெளி விளிம்பைத் திருப்பறது எனக்குத் தோணவே இல்ல. ரெண்டு கேள்வி. காடி வெட்டுறதுக்குப் பதிலா ஒரே தகட்டுல அழியை வெட்டி, ஒவ்வொண்ணையும் குறட்டால 45 பாகைக்கு முறுக்கினா பொடியே வேண்டாமே? அப்புறம் புரோச் ஊசியை எங்க வைக்கணும்?

வடசேரிக்குமுட்டி

முறுக்கலாம். ஆனா சாய்வுகோணம் சொன்ன மறைப்பு கிடைக்காது. ஒரே தகட்டுல வெட்டும்போது பட்டையோட அகலம் அடுத்த பட்டைக்குள்ள தூரத்தைவிடக் கூட வரவே முடியாது. 2 மி.மீ. பட்டை, கால் மில்லி வெட்டு, சாஞ்ச பிறகு 1.4 மறைக்கும், 0.85 திறந்து கிடக்கும். வெளிச்சம் விழற கம்மலுக்கு அது அழகு, இந்தப் புரோச்சுக்கு இல்ல. செய்யறதானா ரெண்டு முனையிலயும் 0.8 மி.மீ. கழுத்து விட்டு வெட்டுங்க, 650 பாகை பக்கம் மங்கின சிவப்புக்குக் காய்ச்சி மெதுவாக்குங்க, ஒரே திசையில ஒரே தடவையில முறுக்குங்க. கொஞ்சம் கூடிப்போச்சுன்னு திருப்பி முறுக்கினா கழுத்து விட்டுப்போகும்.

ஊசி மேல் மூணுல ஒரு பங்குல வரணும். நடுவுல வச்சா புரோச் தலை குப்புற முன்னால சாயும். அகலம் 30 இருக்கிறதால ஒத்தை ஊசி சுத்தும், ரெட்டை ஊசி போடுங்க. கீலும் கொக்கியும் பொடி வச்சு ஒட்டிட்டு, ஊசிக் கம்பியைக் கடைசியில ரிவிட் அடிங்க. ஊசி எவர்சில்வர் 0.9 மி.மீ. அது தீயைப் பாத்தா விறைப்பு போய்டும், பிறகு குத்தினா வளையும்.

புளித்தண்ணியிலயோ அமிலத்துலயோ போடும்போது இரும்புச் சாமணம் விடாதீங்க, வெள்ளி மேல செம்பு ஏறிச் சிவந்துபோகும். மூங்கில் குச்சி போதும். கந்தக அமிலம்னா பத்துக்கு ஒரு பங்கு, தண்ணிக்குள்ளதான் அமிலத்தை ஊத்தணும்.

மணலும்சிமெண்டும்

டெட்ராபாட் பத்தி யாரும் பேசலை. வெள்ளியில ஏன் வார்க்கணும்? அந்தக் கட்டை கான்கிரீட். கான்கிரீட்லயே செய்யுங்க.

டெட்ராபாட் 1950-ல பிரான்சுல கிரெனோபிள்ல உண்டாக்கினது. அதோட கன அளவு உயரம் × உயரம் × உயரம் வர்றதுல 0.28 பங்கு. உங்க 18 மி.மீ.க்கு 1.63 கன செ.மீ. வெள்ளியில 17 கிராம், நீங்க சொன்ன அதே கணக்கு. சிமெண்ட் சாந்துல 3.4 கிராம். காது தாங்கும்.

வெள்ளைச் சிமெண்டோ சாதா சிமெண்டோ 100 கிராம், சலிச்ச நைசு மணல் 100 கிராம், தண்ணி 35-ல இருந்து 38 கிராம், சூப்பர்பிளாஸ்டிசைசர் (தண்ணி கூட்டாம சாந்தை இளக வைக்கிற மருந்து) ஒரு கிராமுக்குள்ள. ஜல்லி வேண்டாம். ஒரு ஜோடிக்கு 7 கிராம் சாந்துதான் வேணும், ஆனா அவ்வளவு கொஞ்சமா கலக்காதீங்க. அரை கிராம் தண்ணி கூடினா கலவையே மாறிடும். 100 கிராமாவது கலக்கி, நாலஞ்சு அச்சு சேர்த்து ஊத்துங்க. தண்ணியைக் கூட்டினா ஊத்த லேசா இருக்கும், காய்ஞ்ச பிறகு கால் முனை பொடியும். தண்ணிக்குப் பதில் பிளாஸ்டிசைசர் சேர்க்கிறது அதுக்குத்தான்.

அச்சு ரெண்டு பாகமா சிலிக்கான். மூலத்தைக் களிமண் பொம்மை மாவுல செய்யாதீங்க, அதுல கந்தகம் இருந்தா பிளாட்டினம் வகைச் சிலிக்கான் உறையாம பிசுபிசுன்னு நிக்கும். மெழுகுல செய்யுங்க. ஊத்துறதுக்கு முன்ன சாந்தைத் தூரிகையால நாலு கால் குழிக்குள்ளயும் தடவி விடுங்க, குமிழி அங்கதான் மாட்டும். பிறகு மேசையைத் தட்டுங்க. கால் முனை விட்டம் 4 மி.மீ.க்குக் குறைஞ்சா ஒரு தடவை கீழ விழுந்தாலே மூளியாகும்.

கொக்கிக்கு 0.8 வெள்ளிக் கம்பி. சிமெண்ட் வழுவழுப்பான வெள்ளியில ஒட்டாது, உள்ள போற முனையை ரெண்டா மடிச்சு முறுக்கி விடுங்க. அலுமினியக் கம்பி வேண்டவே வேண்டாம், ஈரச் சிமெண்டோட காரத்துல அது வாயுவை விட்டு நுரைக்கும், சுத்திலும் ஓட்டை விழும்.

24 மணி நேரத்துல அச்சைப் பிரிச்சு, ஏழு நாள் தண்ணியில. தண்ணியைத் தினமும் மாத்துங்க, காரம் இறங்கணும். பச்சைச் சிமெண்ட் தோலை அரிக்கும், அவசரப்பட்டுக் காதுல மாட்டிடாதீங்க. ஒரு வாரம் நிழல்ல உலர்த்தி, தேன்மெழுகு மெல்லிசா ரெண்டு தடவை தேயுங்க.

மணல் விஷயத்துல கறாரா இருங்க. நம்ம கடற்கரை மணலை எடுக்கக் கூடாது. உப்பு இருக்கிறதால கம்மல் மேல வெள்ளை வெள்ளையா பூக்கும், அது ஒரு காரணம். மணவாளக்குறிச்சி பக்கத்துக் கறுப்பும் சிவப்புமான மணல் பாக்க நகைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். அதுல இல்மனைட்டும் கார்னெட்டும் மட்டும் இல்ல, மோனசைட்டும் இருக்கு. மோனசைட்டுல தோரியம். கதிர்வீச்சு உள்ளதைக் காதுல தொங்கவிட்டு நடக்க வேண்டாம். அள்ளுறதுக்கும் அனுமதி கிடையாது. கழுவின எம்-சாண்ட் தூள் போதும், அந்தச் சாம்பல் நிறமே துறைமுகத்து நிறம்தான். சிவப்பு வேணும்னா செங்கல்பொடி சலிச்சு மணல்ல பத்துல ஒரு பங்கு மாத்திப் போடுங்க.

வெள்ளிதான் வேணும்னு நின்னா, 0.4 தகட்டுல நாலு கூம்புக்குழல் சுருட்டி 109.5 பாகையில சேர்த்து உள்ள பொள்ளலா செய்யலாம். ஏதாவது ஒரு காலோட அடிப்பக்கத்துல 0.8 மி.மீ. துளை கட்டாயம். மூடின பொள்ளலை ஊதினா உள்காத்து விரிஞ்சு வெடிக்கும், அமிலத்துல போட்டா உள்ள புகுந்து வெளிய வராது.

உப்புக்காத்து

ஒரு சின்ன விஷயம். அழிக்கும் தூணுக்கும் இடையில மெருகு துணி நுழையாது, குளச்சல், முட்டம் பக்கம் ஈரக்காத்துல வெள்ளி சீக்கிரம் கறுக்கும். முதல்லயே முழுசா கறுக்க வச்சு, மேல் விளிம்பை மட்டும் தேச்சு வெளுப்பாக்கிக் குடுங்க. இடுக்கு கறுப்பாவே இருக்கணும்னு ஆயிடும், நிழலும் கிடைக்கும். வாங்குறவங்களுக்கு ஜிப் கவர்ல சிலிக்கா ஜெல்லோட குடுங்க. ரப்பர் பேண்ட் சுத்தாதீங்க, அதுல இருக்கிற கந்தகமே கறுப்பாக்கிடும்.

ஓட்டுக்கூரை, தக்கலை

எம்-சாண்ட்லயே ஊத்தறேன். உப்புக்காத்து சொன்னதுல ஒரு சந்தேகம். பின்தகட்டுல தங்க ரேக்கு ஒட்டினா, கறுக்க வைக்கிறது அதுக்கு முன்னயா பின்னயா?

உப்புக்காத்து

முன்ன. சட்டத்தையும் அழியையும் தனியா கறுக்க வச்சு, கழுவி, உலர்த்தி, விளிம்பு தேச்சு முடிங்க. ரேக்கு ஒட்டின பின்தகடு அதுவரைக்கும் பக்கத்துலயே வர வேண்டாம். 24 கேரட் ரேக்கு கறுக்காது, ஆனா அடியில வெள்ளி தெரியற ஓட்டை வழியா கறை ஏறும், ரேக்கும் தண்ணியில உரியும். கடைசியில கொக்கி மடக்கிப் பூட்டுங்க.

வடசேரிக்குமுட்டி

கொக்கிக்கு 0.5 தகடு, 2 மி.மீ. அகலம். அதையும் காய்ச்சி மெதுவாக்கிட்டு மடக்குங்க. கெம்பு வைக்கிறதா இருந்தா பின்தகட்டை 0.4-ல வைக்காதீங்க, நெளியும். 0.5 போடுங்க, ஒரு கிராம் கூடினா கூடட்டும்.